பாட்டிலில் ஒரு கணக்கு, தொட்டியில் ஒரு கணக்கு

பஃபர் பாட்டிலில் எலக்ட்ரோடை நனைத்தால் பிஎச் மீட்டர் ஒழுங்காக 7.00 காட்டுகிறது. அதே எலக்ட்ரோடைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கிப் பக்கத்துப் பம்பை ஓட்டினால் எண் நகர்கிறது. பம்பை நிறுத்தினால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியில் கருவி வேலை பார்ப்பவர்கள் யாருக்கும் இது புதிய செய்தி அல்ல. எலக்ட்ரோடு போய்விட்டது என்று சொல்லி மாற்றுகிறார்கள். புது எலக்ட்ரோடும் அதே ஆட்டம் ஆடுகிறது. பிறகு மீட்டரின் மெனுவுக்குள் போய் சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டால் எண் அசையாமல் நிற்கிறது. வேலை முடிந்ததாகக் கணக்கு. இந்த உரை அந்தக் கடைசி வேலையைப் பற்றியது. அசையாமல் நிற்கும் எண் சரியான எண் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பகுதியில் ஆபத்தானது.

ஏன் ஆபத்து என்பதற்கு முதலில் சட்டத்தின் பக்கம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்பட்டது, இந்தத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை முன்வைத்துத்தான். 2014 பிப்ரவரி 5 அன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உள்ளிட்ட 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடைவிடாத இணையவழிக் கண்காணிப்புக் கருவிகளை வைக்க வேண்டும் என்று மாநில வாரியங்களுக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுப் பகுதிக்காக இழப்பீடு, கண்காணிப்புக் குழு என்று விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தது. மீட்டர் காட்டும் எண் ஆபரேட்டரின் லாக் புத்தகத்தோடு நின்ற காலம் போய்விட்டது. அது இப்போது சாட்சியம்.

அடுத்தது வேதியியல். முடி நீக்கச் சோடியம் சல்பைடைப் பயன்படுத்துகிறோம். அந்தக் கழிவுநீரில் சல்பைடு எவ்வளவு வாயுவாக எழும் என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. பிஎச் 9 என்றால் கரைந்த சல்பைடில் நூற்றில் ஒரு பங்களவு ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கும். 7 என்றால் பாதி. தொட்டிக்குள் இறங்குகிறவரின் உயிர் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. குரோம் மீட்புப் பிரிவிலும் அப்படியே: மெக்னீசியம் ஆக்சைடு போட்டு பிஎச்சை 8, 8.5 அளவுக்கு ஏற்றினால்தான் குரோமியம் ஹைட்ராக்சைடாக முழுமையாகப் படியும்.

இவ்வளவையும் தாங்குகிற சிக்னல் எப்படிப்பட்டது? கண்ணாடி எலக்ட்ரோடு 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் தருகிறது. அதைத் தரும் மூலத்தின் உள்தடை 10 கோடி ஓம் அளவில், அதாவது 100 மெகாஓம் அளவில். வெப்பம் குறைந்தால் இன்னும் ஏறும். பக்கத்தில் நிற்பது எது? மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி ஏறக்குறைய 587 வோல்ட்டை வைத்துக்கொண்டு, அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கும் டிரைவ். டிரம்முக்கு ஒன்று, ஆர்ஓ உயரழுத்தப் பம்புக்கு ஒன்று, காற்றூட்டும் புளோயருக்கு ஒன்று. ஒவ்வொரு வெட்டும் மைக்ரோநொடியில் ஒரு சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 230 வோல்ட் கம்பிக்கும் எலக்ட்ரோடின் உள்கம்பிக்கும் இடையே வெறும் 1 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே ஏறத்தாழ 72 நானோஆம்பியர் பாயும். கேபிளின் 100 பிக்கோஃபாரட்டையும் எலக்ட்ரோடின் 100 மெகாஓமையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளீட்டில் எழுவது 2 வோல்ட்டுக்கு மேல். ஒரு அலகுக்கு 59 மில்லிவோல்ட் என்ற அளவுகோலில் அது முப்பது பிஎச்சுக்கும் மேலே. அளக்க வேண்டியதைவிட அளக்கக் கூடாதது பல மடங்கு பெரிது.

இங்கேதான் சராசரியை நம்புகிறவர்கள் குறுக்கே வருவார்கள்: மாறுமின்சாரம் மேலும் கீழும் சமமாகப் போவது, சராசரி எடுத்தால் பூஜ்யம் ஆகிவிடுமே? நேர்கோட்டில் நடந்துகொள்ளும் சர்க்யூட்டாக இருந்தால் ஆகும். உள்ளீட்டு ஐசியில் நிலைமின் பாதுகாப்புக்காக டயோடுகள் இருக்கின்றன. சப்ளை எல்லையைத் தாண்டி சில நூறு மில்லிவோல்ட் போனதும் அவை கடத்தத் தொடங்கும். அலையின் ஒரு பக்கம் வெட்டுப்படும், மறுபக்கம் வெட்டுப்படாது. ஆம்ப்ளிஃபயரின் வேக வரம்பும் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என்று இருக்கலாம். இப்படி மாறுமின்சார இரைச்சல் நிலையான ஒரு நேர்மின் பிழையாக மாறிவிடுகிறது. அதை எத்தனை நிமிடம் சராசரி எடுத்தாலும் போகாது. இரைச்சலைத் தடுக்க வேண்டிய இடம் ஐசியின் காலுக்கு முன்னால் உள்ள நான்கைந்து சென்டிமீட்டர். மென்பொருளுக்கு அந்த இடம் எட்டாது.

அந்த நான்கைந்து சென்டிமீட்டரைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். விலை மலிவான டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றினால் பொதுவாகக் கண்ணில் படுவது 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு லேயர் போர்டு. ஒரு ஓரத்தில் பிஎன்சி சாக்கெட். அதன் நடுக்காலிலிருந்து ஒரு மெல்லிய தடம் புறப்பட்டு, இடம் கிடைத்த வழியே வளைந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். அமிலமோ காரமோ ஊற்றும் டோசிங் பம்புக்கான ரிலேயின் 24 வோல்ட் தடம், வரைந்தவருக்கு வசதிப்பட்டதால், அதற்கு இணையாகவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓடும். சாக்கெட்டைச் சுற்றி சாலிடர் செய்தபோது வழிந்த ஃபிளக்ஸ் பழுப்பாகக் காய்ந்திருக்கும்.

இணையாக ஓடும் அந்த இரண்டு தடங்களுக்கிடையே 1 பிக்கோஃபாரட் சேர்ந்துவிடுவது எளிது. ரிலே விழும்போது 24 வோல்ட் துள்ளுகிறது. உள்ளீட்டில் அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 240 மில்லிவோல்ட், எகிறுகிறது. நான்கு பிஎச் அலகுக்குச் சமமான குத்து. 100 மெகாஓமும் 100 பிக்கோஃபாரட்டும் சேர்ந்து 10 மில்லிநொடி நேர மாறிலியைத் தருவதால் அது அடங்கப் பல பத்து மில்லிநொடி ஆகும். மீட்டர் அந்த நேரத்தில் படித்தால், ரிலேயை விழவைத்த முடிவே ரிலேயைத் தூக்கவும் காரணமாகும். ரிலே படபடவென்று அடித்துக்கொள்வதும், காண்டாக்ட் கருகுவதும், டோசிங் பம்பு விட்டுவிட்டு ஓடுவதும் இப்படித் தொடங்கலாம்.

தடங்களை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு ஹோவர்ட் ஜான்சனும் மார்ட்டின் கிரஹாமும் 1993இல் வெளியிட்ட அதிவேக டிஜிட்டல் வடிவமைப்பு நூலில் ஒரு எளிய மதிப்பீடு உண்டு. இரு தடங்களுக்கிடையிலான தூரத்தை, தடம் அடியிலுள்ள கிரவுண்ட் தளத்திலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். விடையை அதே எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒன்றை அந்தத் தொகையால் வகுத்தால் குறுக்கீட்டின் உச்ச அளவுக்கு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். இரண்டு லேயர் போர்டில் உயரம் 1.5 மில்லிமீட்டர், தூரம் அரை மில்லிமீட்டர் என்றால் விடை 0.9. கிட்டத்தட்ட முழுதும் கடந்துவிடுகிறது. நான்கு லேயர் போர்டில் தளம் 0.2 மில்லிமீட்டர் அடியில் வந்துவிடும்; அதே அரை மில்லிமீட்டர் தூரத்துக்கு விடை 0.14க்குக் கீழே. தூரத்தை ஒரு மில்லிமீட்டர் ஆக்கினால் 0.04க்கும் குறைவு. வேறெந்த வித்தையும் இல்லாமல், தளத்தைக் கிட்டக் கொண்டுவந்ததிலும் தடத்தை அரை மில்லிமீட்டர் தள்ளியதிலும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம். வேகமான விளிம்புகளுக்கான கணக்கு இது. டிஸ்ப்ளே தடங்கள், மைக்ரோகண்ட்ரோலரின் கிளாக், டிசி-டிசி மாற்றி ஆகியவற்றை ஒதுக்கி வைக்க இது போதும்.

அனலாக் கிரவுண்ட் வேறு, டிஜிட்டல் கிரவுண்ட் வேறு என்று தளத்தை இரண்டாக வெட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. வெட்டிய பிறகு அந்த வெட்டுக்கு மேலாகவே தடத்தை ஓட்டுகிறவர்களும் உண்டு. மேலே போகும் சிக்னலின் திரும்பு மின்னோட்டம் உயர் அலைவெண்ணில் அதே தடத்துக்கு நேர் கீழே தளத்தில் ஓடவே முயலும். வெட்டு குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு வரும், அந்தச் சுற்று ஆண்டெனா ஆகிவிடும். ஹென்றி ஓட் தம் கட்டுரைகளிலும் 2009இல் வந்த மின்காந்த இணக்கப் பொறியியல் நூலிலும் சொன்னது இதுதான்: தளம் ஒன்றாகவே இருக்கட்டும், பாகங்களைப் பகுதி பிரித்து வையுங்கள், ஒவ்வொரு பகுதியின் தடங்களும் அந்தந்தப் பகுதிக்குள்ளேயே ஓடட்டும். பிஎச் மீட்டரில் தளத்தை உண்மையாகவே பிரிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

உயர்தடை உள்ளீட்டுக்குக் கிரவுண்ட் தளமும் போதாது. அங்கே காவல் வளையம் வேண்டும். உள்ளீட்டின் அதே மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்து, உள்ளீட்டுத் தடத்தைச் சுற்றி ஒரு செம்பு வளையமாக ஓட்டுவது. வளையத்துக்கும் உள்ளீட்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்பதால் கசிவும் இல்லை. இதையும் எண்ணில் பார்க்கலாம். அழுக்கேறிய போர்டின் மேற்பரப்புத் தடை 10 கிகாஓமுக்கு இறங்கி, பக்கத்தில் மைனஸ் 5 வோல்ட் தடம் இருந்தால், 500 பிக்கோஆம்பியர் கசிந்து 100 மெகாஓமில் 50 மில்லிவோல்ட் பிழையைத் தரும். அது 0.85 பிஎச். உண்மையில் 8.15 இருக்கும் நீரை மீட்டர் 9.0 என்று காட்டும். நூற்றில் ஒரு பங்கு என்று நினைத்த ஹைட்ரஜன் சல்பைடு உண்மையில் ஆறரைப் பங்காக இருக்கும். அதே அழுக்குப் போர்டில் காவல் வளையம் இருந்து, ஆம்ப்ளிஃபயரின் ஆஃப்செட் 1 மில்லிவோல்ட் என்றால், பிழை 10 மைக்ரோவோல்ட். மீட்டரின் கடைசி இலக்கத்தில்கூட அது தெரியாது.

வளையம் மேல் லேயரில் மட்டும் இருந்தால் பாதி வேலைதான். உள்ளீட்டுக்கு அடியிலும் கிரவுண்டுக்குப் பதில் காவல் செம்பே இருக்க வேண்டும். வளையத்தின் மேல் சாலிடர் மாஸ்க்கைத் திறந்து விட வேண்டும். மாஸ்க்கின் மேலே ஊரும் கசிவு அப்போதுதான் செம்பில் விழும். இதற்கென்றே கால்கள் அமைக்கப்பட்ட ஐசிகள் கிடைக்கின்றன: எல்எம்பி7721இல் உள்ளீட்டுக் கால்கள் சப்ளையிலிருந்து தள்ளி ஒதுங்கியிருக்கின்றன, ஏடிஏ4530-1இல் காவலை ஓட்டும் பஃபர் உள்ளேயே இருக்கிறது. இரண்டின் உள்ளீட்டு மின்னோட்டமும் அறை வெப்பத்தில் அதிகபட்சம் 20 ஃபெம்டோஆம்பியர். நல்ல ஐசியை வாங்கிக் காவல் இல்லாத போர்டில் வைத்தால் அந்தக் காசு வீண்.

அழுக்கு என்பதை இந்தப் பகுதியில் தனியாகப் பேசத்தான் வேண்டும். தோல் உப்பிட்டு வருகிறது. உப்புத் தூசி காற்றிலேயே இருக்கிறது. சமன்செய்யும் தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு எழுகிறது. அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். செம்பு சல்பைடு மாஸ்க்கின் மேல் ஊர்ந்து பரவி இரண்டு தடங்களுக்கிடையே பாலம் போடும். அமிழ்வு வெள்ளிப் பூச்சு போட்ட போர்டுகள் இதில் சீக்கிரம் விழும் என்பது, ஈயமில்லாச் சாலிடருக்கு உலகம் மாறிய 2006க்குப் பிறகு பல நாடுகளில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். கழிவுநீர் நிலையத்துக்குப் போகும் போர்டில் அந்தப் பூச்சைத் தவிர்ப்பது நல்லது. மேலே பூசும் பாதுகாப்பு வார்னிஷும் ஃபிளக்ஸைக் கழுவிய பிறகே. கழுவாமல் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபட்டுவிடும். சிலிக்கோன் பூச்சு கந்தக வாயுவை உள்ளே விடும் என்பதையும் வாங்குபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கந்தகம் தாங்கும் மின்தடைகள் சந்தையில் கிடைக்கின்றன.

இனி, பாட்டிலில் ஒன்று தொட்டியில் ஒன்று என்ற புதிருக்கு வரலாம். மேசை மேல் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் கரைசல் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதக்கிறது. தொட்டி நீர் அப்படியல்ல: பம்பின் உடல், இரும்புக் குழாய், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி என்று பல வழியில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மீட்டரின் உள்ளீட்டு கிரவுண்ட், 4–20 மில்லிஆம்பியர் லூப் வழியாகவோ சப்ளை வழியாகவோ, கண்ட்ரோல் அறையின் எர்த்தில் கட்டப்பட்டிருந்தால் வட்டம் முழுமையடைகிறது. இரண்டு எர்த்துகளுக்கிடையே உள்ள வேறுபாடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடின் வழியே மின்னோட்டத்தை ஓட்டுகிறது. அந்த எலக்ட்ரோடின் தடை 10 கிலோஓம் என்றால், ஒரு மைக்ரோஆம்பியர் ஓடினாலே 10 மில்லிவோல்ட், 0.17 பிஎச். நாள்கணக்கில் ஓடினால் எலக்ட்ரோடே கெடும். பஃபரில் எத்தனை முறை காலிபிரேட் செய்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் பஃபரில் அந்த வட்டமே இல்லை.

தளத்தைப் பிரிக்க வேண்டிய இடம் இதுதான். உள்ளீட்டுப் பகுதி முழுவதும் மின்சார ரீதியாகத் தனித்து நிற்க வேண்டும். சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் தகவல் டிஜிட்டல் ஐசொலேட்டர் வழியாகவும் மட்டுமே கடக்க வேண்டும். இதைப் பட்டியலில் எழுதி விற்கும் போர்டுகளிலும், உள் லேயரில் கிரவுண்ட் செம்பு இடைவெளியைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது போதும், இரு பக்கமும் கொள்ளளவால் கட்டப்பட்டுவிடும். 50 பிக்கோஃபாரட் இருந்தால், டிரைவிலிருந்து வந்து தொட்டி நீரில் எழும் துடிப்பு மைக்ரோநொடிக்கு 10 வோல்ட்டாகத் தணிந்திருந்தாலும் அரை மில்லிஆம்பியர் கடந்துபோகும். மல்டிமீட்டரில் ஐசொலேஷன் பார்த்தால் தெளிவாக ஓபன் என்றே காட்டும்.

டிரைவ் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. போர்டு எல்லாப் பழியையும் ஏற்க வேண்டியதில்லை. மோட்டார் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருந்து, அந்த ஷீல்டு இரண்டு முனையிலும் வட்டமாக முழுதும் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். முறுக்கி ஒரு ஸ்க்ரூவில் கட்டிய வால் உயர் அலைவெண்ணில் உதவாது. எலக்ட்ரோடு கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டிரேயில் போகக் கூடாது.

இதே இயற்பியல் தோலின் பரப்பை அளக்கும் மெஷினிலும் இருக்கிறது, அங்கே நேரடியாகப் பணம். சதுர அடிக் கணக்கில் விற்கும் சரக்கை வரிசையாக நிற்கும் ஒளி உணரிகள் அளக்கின்றன. ஒரு அனலாக்-டிஜிட்டல் மாற்றி அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கிறது. ஒரு உணரியின் எச்சம் அடுத்ததில் தெரிந்தால் பலரும் தடங்களைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மாற்றிக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர், முந்தைய சேனலின் மின்னூட்டத்தை விட்டுவிட நேரம் கிடைக்காமல் போவது. ஆர்டுயினோவில் பரவலாக இருக்கும் ஏடிமெகா328இன் மாற்றி 10 கிலோஓமுக்குக் கீழான மூலத்துக்கே வடிவமைக்கப்பட்டது. ஒரு பஃபர் வைத்தால் தீரும் பிரச்சினைக்குப் போர்டை மறுபடி வரைவது வீண் செலவு.

ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் உயிரிப்பொறியியல் துறை இருக்கிறது. நோயாளியின் உடம்பு 50 ஹெர்ட்ஸில் மிதந்துகொண்டிருக்க, அதிலிருந்து 1 மில்லிவோல்ட் ஈசிஜியைப் பிரித்தெடுப்பது அத்துறையின் அன்றாடம். ஷீல்டை சிக்னலின் அழுத்தத்திலேயே ஓட்டுவது, நோயாளிப் பக்கத்தைத் தனித்து நிறுத்துவது என்று அங்கே பாடமாகச் சொல்லித் தருவதெல்லாம் தொட்டியோரத்துக்கும் அப்படியே பொருந்தும். விஐடி அதே ஊரில். அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் தெரிந்தவர்களும் மில்லிவோல்ட் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்தக் காற்றுக்கும் இந்த மின்சாரத்துக்கும் ஏற்ற ஒரு திறந்த பிஎச் உள்ளீட்டுப் போர்டை வரைந்து வெளியிட்டால், சிறு கருவி செய்பவர்கள் அத்தனை பேருக்கும் அது கைகொடுக்கும்.

அதுவரை, வாங்குபவர்கள் கொள்முதல் ஆணையில் ஒரு சோதனையைச் சேர்க்கலாம். எலக்ட்ரோடைத் தொட்டியிலேயே வைத்து, எல்லா டிரைவையும் நிறுத்தி ஒரு முறை படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு டிரைவாக ஓட்டி, டோசிங் ரிலேயை அடிக்க வைத்துப் படிக்க வேண்டும். அதே தொட்டி நீரைப் பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, தரையில் படாமல் மரப்பலகை மேல் வைத்து மறுபடி படிக்க வேண்டும். இந்தச் சோதனை நடக்கும்போது மீட்டரின் சராசரி நேரம் மிகக் குறைந்த அளவில் இருக்க வேண்டும், ரிலே அடித்தாலும் அமிலமோ காரமோ தொட்டிக்குள் போகாதபடி டோசிங் நிறுத்தப்பட்டு வால்வு மூடியிருக்க வேண்டும். மூன்றும் 0.1 பிஎச்சுக்குள் ஒத்துப்போகாத கருவியைத் திருப்பி அனுப்பும் உரிமை ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் ஏறிய ஒரு காலையில், இதை இன்னொரு முறை செய்து பார்த்து, அந்த எண்களையும் காலிபிரேஷன் அட்டையிலேயே குறித்து வைக்க வேண்டும்.